54 நாள் கூலியை நாம் ஏன் எழுதி வைக்கவில்லை?

நொய்யல்கரை, திருப்பூர்:

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். போன வாரம் வீடு மாற்றும்போது, பரண்மேல் கிடந்த அட்டைப்பெட்டியில் 2020 ஊரடங்கில் அரிசி கொடுத்தபோது நாங்கள் வைத்திருந்த நோட்டு கிடைத்தது. லைன் வீட்டு நம்பர், எத்தனை பேர், எந்த ஊர், கைக்குழந்தை உண்டா, கேஸ் இருக்கிறதா, அரிசி எத்தனை கிலோ, பருப்பு, எண்ணெய், கொடுத்த தேதி, வாங்கியவர் கையெழுத்து அல்லது ரேகை. எல்லாம் பத்திரமாக இருக்கிறது. ஒடிசாக்காரர், பீகார்க்காரர், நம் தேனி, திருவாரூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் என்று எல்லோரும் அதில் இருக்கிறார்கள். பக்கம் பக்கமாகத் திருப்பிப் பார்த்தேன். "எந்தக் கம்பெனி, எத்தனை நாள் கூலி பாக்கி" என்று ஒரு கட்டம்கூட நாங்கள் போடவில்லை.

அன்றைக்கு எங்களில் ஒருத்தருக்கும் அது தோன்றவே இல்லை. அதை நினைத்தால்தான் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே பனியன் கம்பெனிகளில் நிறையப் பேருக்கு வாரச் சம்பளம், சனிக்கிழமை சாயங்காலம் கைக்கு வரும். 2020 மார்ச் 22 ஞாயிறு, மக்கள் ஊரடங்கு. திங்களும் செவ்வாயும் எங்கள் பக்கத்தில் மெஷின் ஓடியது. செவ்வாய் ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார், நாலு மணி நேரத்தில் நாட்டையே பூட்டியாயிற்று. அந்த இரண்டு நாள் கூலி சனிக்கிழமை வர வேண்டியது, எங்கள் வீதியில் பல பேருக்கு வரவே இல்லை. ஆள் பிடித்து வந்த காண்ட்ராக்டர் போனை எடுக்கவில்லை. கம்பெனியில் கேட்டால் "காண்ட்ராக்டரைக் கேள்" என்றார்கள்.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள், மார்ச் 29, மத்திய உள்துறை அமைச்சகம் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் ஒரு உத்தரவு போட்டது. ஊரடங்கில் மூடிக் கிடக்கும் நாட்களுக்கும் தொழிலாளர்களுக்குப் பிடித்தம் இல்லாமல் முழுக் கூலி கொடுக்க வேண்டும், வீட்டை வாடகைக்கு விட்டவர்கள் அவர்களிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது என்று அதில் இருந்தது. மே 17 வரைக்கும் அது இருந்தது, 18-ஆம் தேதி முதல் எடுத்துவிட்டார்கள். ஊரடங்கு தொடங்கியதிலிருந்து எண்ணினால் 54 நாள். அந்த 54 நாளும் நாங்கள் டெம்போ பிடித்து அரிசி ஏற்றினோம், போலீஸ் பாஸுக்கு அலைந்தோம், கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்றோம், இந்தி தெரிந்தவர்களைத் தேடிப் போன் போட வைத்தோம். அந்த உத்தரவை ஒரு தாளில் எழுதி ஒரு கம்பெனி வாசலில் போய் நின்றோமா? நிற்கவில்லை.

அப்போது களத்தில் இருந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் ஊரில் யாராவது கேட்டீர்களா?


பவர்டேபிள், திருப்பூர்:

அக்கா, உங்களை எனக்குத் தெரியும், நீங்கள் எங்கள் வீதிக்கும் வந்து அரிசி கொடுத்தீர்கள். அதனால் மரியாதையோடு சொல்கிறேன், கோபமும் இருக்கிறது. நான் பத்து மெஷின் வைத்து, பெரிய கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் எடுப்பவன். தைத்துக் கொடுத்த பீஸுக்குப் பில் பணம் மார்ச்சில் வர வேண்டியது, வந்தது ஆகஸ்டில், அதுவும் முக்கால்வாசிதான். எக்ஸ்போர்ட் கம்பெனியைக் கேட்டால் வெளிநாட்டுக்காரன் ஆர்டரை நிறுத்திவிட்டான், போன சரக்குக்கும் காசு போடவில்லை என்றார்கள். என்னிடம் தைத்தவர்களுக்கு நான் என் மனைவி நகையை அடகு வைத்து இரண்டு வாரச் சம்பளம் போட்டேன். மூன்றாவது வாரம் என்னால் முடியவில்லை. மேலே இருப்பவன் கையை உதறிவிட்டால் கீழே இருக்கும் நான் எங்கே போவேன்? அந்த உத்தரவில் என் பில்லை யார் கொடுப்பது என்று ஒரு வரி இருந்ததா?

எங்களை மாதிரி ஆட்களை முதலாளி என்று ஒரே கூட்டில் போட்டு அடிக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.


பள்ளிபாளையம் தறி:

பவர்டேபிள் அண்ணா சொல்வதும் உண்மை. ஆனால் எங்கள் பக்கத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். விசைத்தறியில் மஸ்டர் ரோல், அதாவது வருகைப் பதிவேடு, எல்லாம் கிடையாது. மீட்டர் கணக்குத்தான் கூலி. பாவு (தறியில் ஏற்றும் நூல்) வந்தால் தறி ஓடும், ஓடினால் காசு. ஓடாத நாளுக்குக் கூலி என்று ஒன்று உண்டு என்பதே எங்கள் அம்மாவுக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

அந்த இரண்டு மாதமும் தறி உரிமையாளர் எங்களைப் பட்டினி போடவில்லை. அரிசி கொடுத்தார், மளிகைக்குக் காசு கொடுத்தார், தங்கை சீக்காகிப் படுத்தபோது ஆஸ்பத்திரிக்கும் கொடுத்தார். நல்ல மனுசன் என்றுதான் ஊரெல்லாம் பேச்சு. மே மாதக் கடைசியில் தறி ஓட ஆரம்பித்ததும் நோட்டை எடுத்தார். ஏற்கெனவே இருந்த முன்பணப் பாக்கியின் கீழே, அரிசி முதல் ஆஸ்பத்திரி வரைக்கும் தேதி போட்டு எழுதியிருந்தார். ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்தப் பாக்கி தீரும் வரைக்கும் வேறு தறிக்குப் போக முடியாது. அம்மா அதை அடைக்க மூன்று வருடம் ஓட்டினார்.

நொய்யல்கரை அக்கா, உங்கள் நோட்டில் கட்டம் இல்லை என்று வருத்தப்படுகிறீர்கள். அவர்கள் நோட்டில் எங்கள் கடன் இருந்தது. உத்தரவுப்படி அந்த நாட்களுக்கு எங்களுக்கு வர வேண்டியது எந்த நோட்டிலும் இல்லை. இரண்டையும் எதிரெதிரே எழுதியிருந்தால் அம்மா யாருக்கும் கடன்பட்டிருக்க மாட்டார்.


குமாரபாளையம் குழு அக்கா:

தம்பி எழுதியதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. நான் மகளிர் குழுத் தலைவி. எங்கள் வீதியில் ஒவ்வொரு வீட்டிலும் மைக்ரோ பைனான்ஸ் கடன் இரண்டு, மூன்று, நாலு என்று ஓடும். ரிசர்வ் வங்கி மார்ச் 27-இல் மூன்று மாதம் தவணை தள்ளிவைக்கலாம் என்றது, அப்புறம் மே மாதம் அதை ஆகஸ்ட் 31 வரைக்கும் நீட்டியது. டிவியில் எல்லோரும் பார்த்தோம். ஆனால் ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்ததுமே வசூல்காரப் பையன்கள் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். "தள்ளிவைத்தால் வட்டி ஏறும், அடுத்த லோன் கிடைக்காது, குழுவில் மற்றவர்கள் கட்டட்டும்" என்றார்கள். வட்டி ஏறும் என்பது பொய்யும் இல்லை, தள்ளிவைத்த மாதத்துக்கும் வட்டி ஓடத்தான் செய்தது.

நான் ரிசர்வ் வங்கி அறிவிப்பை மகனிடம் சொல்லித் தமிழில் எழுதி வாங்கி, ஜெராக்ஸ் எடுத்து, வீதியில் ஒவ்வொரு கதவிலும் ஒட்டினேன். இவ்வளவுதான் செய்தேன். பையன்கள் வந்தார்கள், படித்தார்கள், ஒரு மாதம் வீதிப்பக்கம் வரவில்லை. தாள் ஒட்டியதற்கே அந்த அளவு பலன் இருந்தது கண்ணு. அதனால்தான் நொய்யல்கரை அம்மணி சொல்வது எனக்குப் புரிகிறது. கூலி உத்தரவையும் யாராவது தமிழில் எழுதிக் கொடுத்திருந்தால் அதையும் ஒட்டியிருப்பேன். அப்படி ஒன்று இருந்தது என்பதையே இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன்.


ஈரோட்டான்:

கேட்கிறேன் என்று தப்பாக நினைக்க வேண்டாம். நம் ஆட்களே கஷ்டப்பட்டபோது வடக்கத்தியருக்கு இவ்வளவு செய்தது சரியா? அவர்கள் குறைந்த கூலிக்கு வருவதால்தானே நம் ஆட்களுக்குக் கூலி ஏறவில்லை?


நொய்யல்கரை, திருப்பூர்:

ஈரோட்டான் தம்பி, இந்தக் கேள்வியை அப்போதே பல பேர் கேட்டார்கள், அரிசி கொடுத்தவர்களே கேட்டார்கள். நேராகப் பதில் சொல்கிறேன். நம் வீட்டு ரேஷன் கார்டுக்கு 2020 ஏப்ரலில் ஆயிரம் ரூபாயும் அரிசி, சர்க்கரை, பருப்பு, எண்ணெயும் வந்தது. 2021-இல் ஆட்சி மாறியதும் இரண்டு தவணையாக நாலாயிரமும் 14 மளிகைப் பொருளும் வந்தது. ஒடிசாவிலிருந்து வந்த பெண்ணுக்கு இங்கே கார்டு இல்லை. ஒரே நாடு ஒரே ரேஷன் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2020 அக்டோபரில்தான், அதற்குள் அவள் மே மாத ரயிலில் போய்விட்டாள். ஊரில் கார்டு இருப்பவனுக்கு அரிசி வந்தது, ஊரை ஓட வைத்தவளுக்கு வரவில்லை. நாங்கள் செய்தது அந்த ஓட்டையை அடைத்தது மட்டும்தான்.

கூலி விசயத்துக்கு வருகிறேன். அவளுக்குக் கொடுக்காத கூலியை நம்மவருக்கு எடுத்துக் கொடுத்தார்களா? அவளுடைய இரண்டு நாள் கூலி போனபோது, பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருந்த தேனிக்கார அக்காவின் கூலியும் சேர்ந்துதான் போனது. ஒருத்தியை ஏமாற்ற முடிகிற இடத்தில் இன்னொருத்தியை ஏமாற்றுவதும் சுலபமாகிவிடுகிறது. 2023 மார்ச்சில் வடக்கத்தியரை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவி, அவர்கள் பயந்து போய் ரயில் ஏறினார்களே, அந்த வாரம் மெஷின் காலியாகக் கிடந்ததைப் பவர்டேபிள் தம்பியைக் கேளுங்கள்.


விடியக்காலம், கோயம்புத்தூர்:

நான் இதுவரைக்கும் இங்கே எழுதியதில்லை. படித்துவிட்டுப் போய்விடுவேன். இன்றைக்கு எழுதத் தோன்றியது.

என் அப்பா தூய்மைப் பணியாளர், ஒப்பந்தக் கூலி. 2020-இல்தான் துப்புரவு என்பதை மாற்றித் தூய்மைப் பணியாளர் என்று அரசு பெயர் வைத்தது. விடியக்காலம் நாலு மணிக்குக் கிளம்புவார். பஸ் இல்லாததால் சைக்கிளில் போனார். ஊரே கதவடைத்துக் கிடந்தபோது ஒவ்வொரு வாசலுக்கும் போனது அவர்தான். தனிமைப்படுத்திய வீடுகளின் குப்பையும் அவர் கையில்தான் வந்தது. கையுறை ஒரு ஜோடி கொடுத்தார்கள், கிழிந்ததும் தைத்துப் போட்டுக்கொண்டார்.

ஏப்ரலில் ஒரு குடியிருப்பில் அப்பாவையும் கூட வேலை செய்த அக்காமார்களையும் வரிசையாக நிற்க வைத்து, காலைக் கழுவி, பூத் தூவி, மாலை போட்டார்கள். போட்டோ எடுத்தார்கள். அப்பா வீட்டுக்கு வந்து அந்த மாலையைச் சாமி படத்துக்குப் போட்டார். எனக்கு அழுகை வந்தது, அவருக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஐம்பத்தைந்து வயதில் முதல்முறையாக அந்தக் கேட்டுக்குள்ளே கூப்பிட்டிருக்கிறார்களே. அதே குடியிருப்பில் மறுநாள் தண்ணீர் கேட்டபோது கேட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் பாட்டிலை வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்கள். கொரோனாவுக்காகத் தள்ளி நின்றதாக நான் நம்பியிருப்பேன், கொரோனாவுக்கு முன்னாலும் அப்படித்தான் வைத்தார்கள் என்று அப்பா சொல்லாமல் இருந்திருந்தால்.

அப்போது எல்லோரும் "சமூக இடைவெளி" என்றார்கள். எங்கள் ஆட்கள் பலர் அந்த வார்த்தை வேண்டாம், தனிநபர் இடைவெளி என்று சொல்லுங்கள் என்று எழுதினார்கள். மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2-ஆம் தேதி மழை ராத்திரியில் சுவர் இடிந்து விழுந்து தலித் மக்கள் 17 பேர் செத்து நாலு மாதம்கூட ஆகவில்லை. அதைத் தீண்டாமைச் சுவர் என்றுதான் அந்த ஊர் மக்கள் சொன்னார்கள். சமூக இடைவெளியை எங்களுக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

கூலி பற்றிக் கேட்டீர்கள். அப்பாவுக்குக் கலெக்டர் நிர்ணயித்த நாள்கூலிக்கும் ஒப்பந்தக்காரர் கையில் கொடுத்ததற்கும் வித்தியாசம் இருந்தது. பிஎஃப் பிடித்தார்கள், கணக்கில் ஏறியதா என்று பார்க்கக்கூட நம்பர் கொடுக்கவில்லை. அவருக்கு ஒரு நாள்கூட லீவு இல்லை, அதனால் 54 நாள் கூலி பாக்கி என்று சொல்ல முடியாது. ஆனால் பாக்கி இருக்கிறது. அதையும் சேர்த்து எழுத இடம் உண்டா?


நொய்யல்கரை, திருப்பூர்:

உண்டு கண்ணு. கட்டாயம் உண்டு. இவ்வளவு நாள் கழித்தாவது எழுதினாயே.


மஞ்சள்காடு, சிவகிரி:

நான் விவசாயி. ஊரடங்கில் ஈரோட்டு மஞ்சள் மார்க்கெட் பூட்டிக் கிடந்தது, விரலி மஞ்சள் மூட்டையெல்லாம் வீட்டிலேயே அடுக்கியிருந்தது. தக்காளி, வெண்டைக்காயைப் பறிக்க ஆள் கூலிகூட வராது என்று டவுனுக்கு அரிசி கொண்டுபோகிற பிள்ளைகளிடம் ஏற்றிவிட்டேன். அவர்கள் என்னைப் பாராட்டி எழுதினார்கள்.

இந்த இழையைப் படித்ததும் ஒன்று உறுத்துகிறது. என் காட்டில் வேலை செய்யும் வளவுக்காரர்களுக்கு அந்த இரண்டு மாதமும் காய் கொடுத்தேன், தேங்காய் கொடுத்தேன், கூலி கொடுக்கவில்லை. நூறு நாள் வேலையும் அப்போது நின்றிருந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ, அவர்கள் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. டவுன் ஆட்களுக்குக் கொடையாளியாக இருந்தவன் என் காட்டில் கடன்காரனாக இருந்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன, எங்கள் பாட்டி அங்கே கும்பிட்டுவிட்டு வந்து கதை சொல்வார். ஊரையே காலி செய்துகொண்டு காட்டுக்குள் குடிசை போட்டுக் கிடந்த கதை. நோய்க்கு ஒரு சாமி உண்டாக்கி ஞாபகம் வைத்துக்கொண்ட ஊர் இது. பிணம் தூக்கியவர் யார், குழி வெட்டியவர் யார் என்று நான் கேட்டதுண்டு, பாட்டிக்குத் தெரியவில்லை. 2021-இல் இருகூர்ப் பக்கம் கொரோனா தேவிக்கும் சிலை வைத்தார்கள். இந்தமுறையும் சுடுகாட்டில் வேலை செய்தவர்கள் பெயர் ஒருத்தருக்கும் தெரியாமல் போய்விடுமா?


கோபி வக்கீல்:

சட்டம் பக்கம் கொஞ்சம் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

மார்ச் 29 உத்தரவை எதிர்த்துச் சில கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் போயின. 2020 ஜூன் 12-இல் நீதிமன்றம் முதலாளிகள்மேல் கடுமையான நடவடிக்கை வேண்டாம், இரண்டு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றது. தொழிலாளர்துறை அந்தப் பேச்சுக்கு உதவ வேண்டும் என்றது. பேசித் தீர்க்க எதிரே ஆள் உட்கார வேண்டும். உட்கார வேண்டியவர் ஏற்கெனவே ரயிலேறிப் போயிருந்தார்.

நொய்யல்கரை அக்கா சொன்ன இரண்டு நாள் கூலி வேறு விசயம், அது செய்த வேலைக்கான கூலி. அதற்கு எந்த உத்தரவும் தேவையில்லை. அப்போதிருந்த ஊதியப் பட்டுவாடாச் சட்டம் 1936-இன்படி ஓராண்டுக்குள் மனு போட்டிருக்கலாம். கொரோனாவால் 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையான காலத்தைக் காலவரம்புக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. அதாவது 2022-ஆம் வருடத்திலும் கதவு திறந்திருந்தது. நான் அப்போது கோர்ட்டில் பிராக்டிஸ் செய்துகொண்டிருந்தேன், என்னிடம் ஒரு மனுகூட வரவில்லை, நானும் தேடிப் போகவில்லை. இன்றைக்குக் கேஸ் போட்டு வாங்கிவிடலாம் என்று ஆசை காட்ட மாட்டேன்.

பவர்டேபிள் அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. உத்தரவு போட்ட அரசு, கூலிப் பணத்தில் ஒரு பங்கை நேராகத் தொழிலாளி கணக்கில் போட்டிருக்கலாம். போட்டது என்ன? நூறு பேருக்குள் வேலை செய்கிற, பெரும்பாலோர் 15,000-க்குக் கீழே வாங்குகிற இடங்களுக்குச் சில மாத பிஎஃப் பங்கைக் கட்டியது. அப்புறம் பிஎஃப் சேமிப்பிலிருந்து மூன்று மாதச் சம்பள அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றது. அது தொழிலாளியின் சொந்தக் காசு. வயதான காலத்துக்கு வைத்ததை எடுத்து அரிசி வாங்கியதையும் நிவாரணக் கணக்கில் சேர்த்துச் சொன்னார்கள், அதை என்னால் ஏற்க முடியவில்லை.

பட்டியல் இல்லாததுதான் எல்லாவற்றுக்கும் வேர். 1979-ஆம் வருடத்து மாநிலங்களுக்கிடைப் புலம்பெயர் தொழிலாளர் சட்டப்படி, ஐந்து பேரோ அதற்கு மேலோ கூட்டிவரும் காண்ட்ராக்டர் லைசென்ஸ் வாங்க வேண்டும், ஆட்கள் பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டும், போகவர வழிச்செலவு கொடுக்க வேண்டும் என்று இருந்தது. நாற்பது வருடம் அதை ஒழுங்காகச் செய்திருந்தால் யார் எங்கே இருக்கிறார் என்று மார்ச் 25 காலையில் தெரிந்திருக்கும். ஊரடங்கில் எத்தனை புலம்பெயர் தொழிலாளர் இறந்தார்கள் என்று 2020 செப்டம்பரில் மக்களவையில் கேட்டபோது, தகவல் இல்லை என்று அமைச்சகம் பதில் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல், பழைய தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஐந்து பேர் என்றிருந்தது பத்துப் பேர் ஆகிவிட்டது. பத்து மெஷின் ஜாப் ஒர்க் இடங்களை நினைத்துப் பாருங்கள். கூலிப் பாக்கிக்கு மனு போடும் காலம் மட்டும் மூன்று வருடமாகியிருக்கிறது, அதை நாம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.


பவர்டேபிள், திருப்பூர்:

வக்கீல் தம்பி, நன்றி. என் மெஷினில் தைத்த எட்டுப் பேரின் பெயரும் போனும் என்னிடம் இருக்கிறது. யாருக்கு எத்தனை நாள் என்று எனக்கே தெரியும், எழுதித் தருகிறேன். எனக்கு வர வேண்டிய பில் பாக்கியையும் அதே நோட்டில் எழுத விடுவீர்களா? இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் காசு எங்கே நின்றது என்று தெரியும்.


நொய்யல்கரை, திருப்பூர்:

எழுதலாம் தம்பி, எழுதத்தான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு எங்கள் வீட்டு மாடியில் உட்காரலாம். பழைய நோட்டைக் கொண்டு வருகிறேன், அதிலுள்ள போன் நம்பர்களில் பாதியாவது இன்னும் ஓடும். இந்தி பேசுகிறவர் ஒருத்தர், ஒடியா பேசுகிறவர் ஒருத்தர் வந்தால் உதவியாக இருக்கும். என்ன எழுதலாம் என்று யோசித்து வைத்திருக்கிறேன்: பெயர், அப்போது செய்த வேலை, கடைசியாகச் சம்பளம் வாங்கிய தேதி, வராத நாள், பிடித்தது, முன்பணத்தில் ஏற்றியது, வாடகை கேட்டார்களா, பிள்ளை பள்ளிக்கூடம் திரும்பிப் போனதா.

கடைசியில் சொன்னதைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை. எங்கள் வீதியில் 2020 மார்ச்சில் எட்டாவது படித்துக்கொண்டிருந்த மூன்று பிள்ளைகள் அந்த வருடமே பனியன் கம்பெனிக்குக் கைமடிக்க, அதாவது டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் வேலைக்கு, போனார்கள். 2021 செப்டம்பரில் ஒன்பதாவது முதல் பள்ளி திறந்தபோது ஒருத்திதான் திரும்பிப் போனாள்.


குமாரபாளையம் குழு அக்கா:

நான் பஸ் ஏறி வருகிறேன். எங்கள் வீதிக் கணக்கும் இருக்கிறது.


பள்ளிபாளையம் தறி:

என்னால் வர முடியாது, ஞாயிறும் ஷிப்ட் இருக்கிறது. அம்மாவிடம் இப்போதுதான் கேட்டேன், அதை இங்கேயே போடுகிறேன், நோட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள். வேலை: தறி ஓட்டுவது, ஆறு தறி. கடைசியாகக் கூலி வாங்கியது மார்ச் 21, சனி. வராத நாள்: மார்ச் 23, 24 ஓட்டியதற்கும் வரவில்லை, அப்புறம் தறி நின்ற நாள் முழுக்க. முன்பணத்தில் ஏற்றியது: அரிசி, மளிகை, தங்கை ஆஸ்பத்திரி. தறிக்குடோன் வீடு என்பதால் வாடகை கேட்கவில்லை. தங்கை பள்ளிக்கூடம் திரும்பிப் போகவில்லை.